பொலித்தீன் பையிலிருந்து டீசல் வரை: இடையில் ஊக்கி என்ன செய்கிறது?

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், எரிபொருள் நிரப்பு நிலையங்களுக்கு முன்னால் கொழும்பு நகரமே வரிசையில் நின்ற நாட்களில், வெள்ளவத்தையில் எனக்குப் பழக்கமான இளம் முச்சக்கரவண்டிச் சாரதி ஒருவர் தமது கைபேசியை நீட்டி ஒரு காணொளியைக் காட்டினார். அதில் யாரோ ஒருவர் இரும்புப் பீப்பாய்க்குள் ஷொப்பிங் பைகளை அடைத்து, கீழே தீ மூட்டி, குழாய் வழியாகச் சொட்டிய மஞ்சள் நிறத் திரவத்தைப் போத்தலில் பிடித்து, அதுதான் பெற்றோல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். "சேர், இது உண்மையா? உண்மையென்றால் நாங்கள் ஏன் இரண்டு நாளாக இங்கே நிற்கிறோம்?" என்று அந்த இளைஞர் கேட்டார். உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பிக்கும் எனக்கு வரிசை நகர்வதற்குள் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: "எரிபொருள் வருவது உண்மை தம்பி, ஆனால் அந்தப் போத்தலில் இருப்பது பெற்றோல் இல்லை." இந்தப் பதிலின் இரண்டு பாதிகளையும், இரசாயனம் படிக்காதவருக்கும் விளங்கும்படி, இங்கே விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரே சங்கிலி, வெவ்வேறு நீளம்

உங்கள் சமையலறையில் நின்று சுற்றிப் பாருங்கள். எரிவாயு சிலிண்டர் ஒன்று இருக்கும். மின்வெட்டுக்கென எடுத்து வைத்த மெழுகுதிரி ஒன்று இருக்கும். சில வீடுகளில் மண்ணெண்ணெய்ப் போத்தலும் இருக்கும். கதவுக்குப் பின்னால் ஷொப்பிங் பைகள் திணித்த ஒரு பெரிய ஷொப்பிங் பை கட்டாயம் தொங்கும். வாயு, திரவம், மெழுகு, மெல்லிய தாள் என்று நான்கும் நான்கு விதமாகத் தோன்றினாலும் அவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. காபன் அணுக்கள் ஒன்றன் கையை ஒன்று பிடித்து வரிசையாக நிற்க, அவற்றின் பக்கங்களில் ஐதரசன் அணுக்கள் ஒட்டியிருக்கும் சங்கிலிகளே இந்த நான்கும். வேறுபாடு பெரும்பாலும் சங்கிலியின் நீளத்தில்தான் இருக்கிறது.

சிலிண்டரில் இருக்கும் புரொப்பேனில் 3 காபன்களும் பியூட்டேனில் 4 காபன்களும் உள்ளன. பெற்றோலில் உள்ள மூலக்கூறுகள் ஏறத்தாழ 5 முதல் 12 காபன்கள் வரை நீளமானவை. மண்ணெண்ணெயும் டீசலும் அதற்கு மேலே, ஏறத்தாழ 10 முதல் 20 வரையான நீளத்தில், ஒன்றின் மேல் ஒன்று ஓரளவு படிந்தவாறு அமைகின்றன. மெழுகுதிரியில் 20 முதல் 40 காபன்கள் வரை இருக்கும். பொலித்தீன் பைக்கு வந்தால் கணக்கு ஆயிரங்களுக்குத் தாவிவிடுகிறது. இடியப்பத் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உதிர்ந்து கிடக்கும் சின்னத் துணுக்குகளை ஊதினாலே பறக்கும். ஆனால் நீண்ட இழைகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடக்கும் முழு இடியப்பம் தூக்கினால் அப்படியே சேர்ந்து வரும். சிறிய சங்கிலி வாயுவாகப் பறப்பதற்கும், நீண்ட சங்கிலி கையால் இழுத்தாலும் அறாத தாளாக நிற்பதற்கும் இதுவே காரணம்.

எரியும் சக்தியிலும் இந்த உறவு தெரிகிறது. 1 கிலோகிராம் பொலித்தீனில் அடங்கியுள்ள வெப்பச்சக்தி ஏறத்தாழ 43 முதல் 46 மெகாயூல் ஆகும். டீசலுக்கும் இதே அளவுதான். காய்ந்த விறகு இதில் பாதியைக்கூட எட்டாது. அடுப்பு மூட்டும்போது விறகுக்கு இடையில் ஒரு பொலித்தீன் பையைச் செருகுபவர்கள் இதை அறியாமலே அறிந்திருக்கிறார்கள். அந்தப் பழக்கம் கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரைகுறையாக எரியும் பிளாஸ்டிக்கின் புகை, அடுப்படியில் நிற்பவரின் நுரையீரலுக்குள்தான் முதலில் போகிறது.

ஆகவே பொலித்தீனை எரிபொருளாக்குவது என்பது புதிதாக எதையும் உண்டாக்கும் வேலையல்ல. நீளமான சங்கிலியை வேண்டிய நீளத்துக்கு வெட்டும் வேலை அது. எப்படி வெட்டுவது, எங்கே வெட்டுவது என்பதில்தான் முழு விடயமும் இருக்கிறது.

வெறும் நெருப்பால் வெட்டினால்

வெட்டுவதற்கு எளிய கருவி வெப்பம். ஆனால் காற்று இருக்கும் இடத்தில் சூடாக்கினால் பொலித்தீன் தீப்பற்றி, காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் போய்விடும். கெரவலப்பிட்டியில் 2021ஆம் ஆண்டு தொடங்கிய, ஏறத்தாழ 10 மெகாவோற்று மின்சாரம் தரும் ஆலையில் கொழும்பின் குப்பை இப்படித்தான் எரிக்கப்படுகிறது. அங்கே வெப்பம் மட்டுமே மிஞ்சும், எண்ணெய் மிஞ்சாது. எண்ணெய் வேண்டுமானால் ஒட்சிசன் நுழைய முடியாத மூடிய கலத்துக்குள் சூடாக்க வேண்டும். எரிவதற்கு ஒட்சிசன் கிடைக்காத நிலையில், ஏறத்தாழ 450 முதல் 500 பாகை செல்சியஸ் வரை வெப்பநிலை ஏறும்போது, சங்கிலிகள் அதிர்வைத் தாங்க முடியாமல் அறுந்து சிறு துண்டுகளாகி ஆவியாக மேலெழும். அந்த ஆவியைக் குளிர்வித்தால் திரவம் கிடைக்கும். இதற்கு வெப்பச்சிதைவு என்று பெயர்.

பொலித்தீன் சங்கிலியில் காபனுக்கும் காபனுக்கும் இடையிலுள்ள பிணைப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், அவை எல்லாம் ஏறத்தாழ ஒரே வலிமையுடையவை. எனவே நெருப்புக்கு ஓர் இடத்தை விட்டு இன்னோர் இடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இல்லை. கண்ட இடத்தில் வெட்டும். மாலை நேரத்தில் காலி வீதியோரக் கடையில் கொத்து ரொட்டி போடுபவரைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு தகடுகளும் தாளத்தோடு விழுந்தாலும், ரொட்டித் துண்டு ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில்தான் வரும். அதேபோல இங்கேயும் 1 காபன் உள்ள மெதேனிலிருந்து 40, 50 காபன்கள் உள்ள மெழுகு வரை எல்லாம் கலந்து வரும். காணொளிப் போத்தலில் இருந்தது இந்தக் கலவைதான். அதில் பெற்றோல் அளவான மூலக்கூறுகளும் இருந்தன, டீசல் அளவானவையும் இருந்தன, குளிர்ந்தால் உறைந்து குழாயை அடைக்கும் மெழுகும் இருந்தது. குழாய் அடைத்தால் கலத்துக்குள் அழுத்தம் ஏறும். எங்காவது காற்று உள்ளே கசிந்தால் சூடான எண்ணெய் ஆவி வெடிக்கும். வீட்டு முற்றத்தில் பீப்பாய் வைத்து இதைச் செய்து பார்க்க நினைக்கும் எவரையும் நான் மன்றாடித் தடுப்பேன்.

ஊக்கி வரும்போது

ஊக்கி என்றால் என்ன என்று கேட்டால், "தாக்கத்தின் வேகத்தைக் கூட்டும், தான் மாறாது" என்று என் மாணவர்கள் ஒரே மூச்சில் ஒப்புவிப்பார்கள். விடைத்தாளுக்கு அது போதும். ஆனால் இந்தத் தொழிலில் ஊக்கியின் பெருமை வேகத்தில் மட்டும் இல்லை. பல வழிகளில் நடக்கக்கூடிய ஒரு தாக்கத்தை, நமக்கு வேண்டிய வழியில் நடக்கச் செய்வதே அதன் பெரிய வேலை. மலையின் உச்சி வரை ஏறி இறங்க வேண்டிய பயணத்துக்கு, ஊக்கி தாழ்வான கணவாய் ஒன்றைத் திறந்துவிடுகிறது. ஏறவேண்டிய உயரம் குறைவதால் குறைந்த வெப்பம் போதுமாகிறது. கணவாய் வழியாகப் போவதால் போய்ச் சேரும் ஊரும் வேறாகிறது.

இந்த வேலைக்கு அதிகம் பயன்படுவது சியோலைற்று எனப்படும் கனியவகை. சிலிக்கன், அலுமினியம், ஒட்சிசன் ஆகிய மூன்றும் சேர்ந்து கட்டிய நுண்ணிய தேன்கூடு என்று அதைச் சொல்லலாம். 1756ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுக் கனியவியலாளர் குரோன்ஸ்ரெட், ஒரு கல்லைச் சூடாக்கியபோது அது கொதிப்பதுபோல நீராவியை வெளிவிடுவதைக் கண்டு, கிரேக்க மொழியில் "கொதிக்கும் கல்" என்று பொருள்படும்படி இந்தப் பெயரை வைத்தார். இன்று பெரும்பாலும் ஆலைகளில் செயற்கையாகச் செய்யப்படும் இதன் பல வகைகளில், இசட்.எஸ்.எம்.-5 என்பதும் வை-வகை என்பதும் பிளாஸ்டிக் ஆய்வுகளில் அடிக்கடி காணப்படுபவை. இசட்.எஸ்.எம்.-5இன் துளையின் அகலம் ஏறத்தாழ 0.55 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறே 1 நனோமீற்றர் என்றால், இந்தத் துளை எவ்வளவு சிறியது என்று எண்ணிக்கொள்ளலாம். இத்தகைய துளைகளும் சுரங்கப் பாதைகளும் உள்ளே நிறைந்திருப்பதால், ஒரு கிராம் தூளின் உட்பரப்பு 400 சதுர மீற்றரளவு வரும். கொழும்பில் காணி வாங்கப் பேசுபவரின் கணக்கில் அது ஏறத்தாழ 16 பேர்ச்சஸ். ஒரு தேக்கரண்டிக்குள் ஒரு வீட்டு வளவு சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் பரப்பில் அலுமினிய அணு இருக்கும் இடங்கள் அமில இயல்புடையவை. அங்கே ஒரு புரோத்தன், அதாவது இலத்திரனை இழந்த ஐதரசன் அணு, கொடுக்கத் தயாராக நிற்கும். நீண்ட சங்கிலியின் ஒரு துண்டு அந்த இடத்தைத் தொட்டதும், சங்கிலியின் ஒரு காபன் நேரேற்றம் பெறுகிறது. நேரேற்றம் பெற்ற காபன் பக்கத்துப் பிணைப்புகளின் இலத்திரன்களைத் தன்பால் இழுப்பதால், அதற்கு அடுத்த காபனுக்கும் அதற்கு அப்பால் உள்ள காபனுக்கும் இடையிலான பிணைப்பு தளர்ந்து, அங்கேயே அறுகிறது. நெருப்புக்கு இல்லாத தேர்வு இப்போது வந்துவிட்டது. அதோடு, அறுவதற்கு முன்னர் சங்கிலி தன் வடிவத்தையும் மாற்றிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. நேராக நின்றது கிளை விடுகிறது; சில வேளைகளில் வளையமாகவும் மூடிக்கொள்கிறது. இது சிறிய விடயமல்ல. நேர்ச் சங்கிலிகள் பெற்றோல் இயந்திரத்துக்குள் அகாலத்தில் பற்றி இடிக்கும். கிளைத்தவையும் வளைய அமைப்புடையவையும் ஒழுங்காக எரியும். நிரப்பு நிலையத்தில் நாம் கேட்கும் "ஒக்டேன் 92", "ஒக்டேன் 95" என்னும் எண்கள் குறிப்பது இந்த ஒழுங்கைத்தான்.

வெட்டப்பட்ட துண்டு துளையை விட்டு வெளியே வர வேண்டுமானால் துளையின் அகலத்துக்கு அது அடங்க வேண்டும். அடங்காதது உள்ளேயே இருந்து மேலும் வெட்டுப்படும். ஆச்சியின் பாக்குவெட்டியையும் மா அரிக்கும் அரிதட்டையும் ஒரே கருவியாக்கினால் எப்படி இருக்குமோ, சியோலைற்று அப்படி. இதனால் மெழுகு வெகுவாகக் குறைகிறது. கிடைப்பது பெரும்பாலும் பெற்றோல், டீசல் அளவுக்குள் நிற்கிறது. வேண்டிய வெப்பநிலையும் குறைந்து, 350 முதல் 450 பாகைக்குள் வேலை முடிகிறது. வை-வகையின் துளை சற்றே அகலம், ஏறத்தாழ 0.74 நனோமீற்றர், அதனால் அதில் சற்றே பெரிய மூலக்கூறுகள் வரும். எந்த எரிபொருள் வேண்டுமோ அதற்கேற்ற துளையைத் தெரிவு செய்யலாம் என்பதே இதன் கருத்து. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த செய்தி இதுதான்.

இந்த அறிவு பிளாஸ்டிக்குக்காகப் பிறந்ததல்ல. பிரான்சில் பிறந்த பொறியியலாளர் இயூஜின் ஊட்ரி, மசகு எண்ணெயின் (கச்சா எண்ணெயின்) கனமான பகுதியைக் களிமண் வகை ஊக்கியால் பெற்றோலாக உடைக்கும் முறையை வகுத்தார். 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அதன் முதலாவது பெரிய ஆலை இயங்கத் தொடங்கியது. உலகின் சுத்திகரிப்பு நிலையங்கள் பல அந்த வழியில் வந்த ஊக்கிகளையே இன்றும் தொன் கணக்கில் பயன்படுத்துகின்றன. அங்கே பயன்படுத்தி ஒதுக்கிய ஊக்கித் தூளில் இன்னும் மிச்சமிருக்கும் வலிமையே பிளாஸ்டிக்கை உடைக்கப் போதும் என்று காட்டிய ஆய்வுகள் பல உள்ளன. புதிய சியோலைற்று விலை கூடியது என்பதால் அது பெரிய ஆறுதல்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1933ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பொலித்தீன் முதன்முதலில் உருவானபோது, வளிமண்டல அழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேலான அழுத்தம் அதற்குத் தேவைப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 1953இல், ஜெர்மனியின் கார்ல் சீக்லர் தகுந்த ஊக்கி ஒன்றைக் கண்டறிந்து, சாதாரண அழுத்தத்திலேயே அதே சங்கிலியைக் கோத்துக் காட்டினார். இத்தாலியின் ஜூலியோ நற்றா அடுத்த ஆண்டில் பொலிபுரொப்பிலீன் என்னும் இன்னொரு பிளாஸ்டிக்கை அவ்வாறே ஒழுங்குபடுத்தினார். இருவருக்கும் 1963இல் நோபல் பரிசு கிடைத்தது. கோக்கும்போதும் சரி, அவிழ்க்கும்போதும் சரி, முரட்டு விசை செய்த வேலையை ஊக்கி தெரிந்தெடுத்துச் செய்கிறது.

ஊக்கிக்கும் களைப்பு உண்டு. வெட்டும்போது ஐதரசனை இழந்த சில துண்டுகள் ஒன்றோடொன்று இறுகி, கரிப் படலமாகத் துளைகளை மூடும். வெண்மையான தூள் சில மணி நேரத்தில் கறுத்துவிடும். அதை வெளியே எடுத்து, 500 பாகைக்கு மேல் காற்றில் சூடாக்கினால் கரி எரிந்து போய், தூள் மீண்டும் வெளுக்கும். "தான் மாறாது" என்று மாணவர்கள் எழுதும் வரிக்குப் பின்னால் இவ்வளவு பராமரிப்பு இருக்கிறது.

மேலும் ஒரு சிக்கல் உண்டு. உருகிய பொலித்தீன் பாகு போன்றது. அதன் முழுநீளச் சங்கிலி, அரை நனோமீற்றர் துளைக்குள் நுழைவதென்பது கப்பல் வடத்தை ஊசிக் காதில் கோப்பது போன்றது. ஆகவே பல ஆலைகள் வேலையை இரண்டாகப் பிரிக்கின்றன. முதற்கலத்தில் வெப்பம் சங்கிலியைப் பருவெட்டாக உடைத்து ஆவியாக்கும். அந்த ஆவி இரண்டாம் கலத்தில் உள்ள ஊக்கிப் படுக்கையினூடாகச் சென்று செம்மைப்படும். அழுக்கும் சாம்பலும் முதற்கலத்திலேயே தங்கிவிடுவதால் ஊக்கியின் ஆயுளும் கூடுகிறது.

இப்படி வெளிவரும் ஆவியைப் படிப்படியாகக் குளிர்வித்து, கொதிநிலைக்கேற்பப் பிரித்தெடுப்பது பழைய கலைதான். 1969ஆம் ஆண்டு முதல் சப்புகஸ்கந்தையின் உயர்ந்த கோபுரங்களில் மசகு எண்ணெய்க்கு நடப்பதும் அதே பகுதிபடக் காய்ச்சிவடித்தலே. குளிர்ந்தும் திரவமாகாத சிறு மூலக்கூறுகள் வாயுவாக மிஞ்சும். அவற்றை வீணாக்காமல் எரித்து அதே கலத்தைச் சூடாக்குவார்கள்.

உள்ளே என்ன போகிறது

இதுவரை நான் பொலித்தீனைப் பற்றியே பேசினேன். குப்பைக் கூடையில் அது மட்டும் இருப்பதில்லை. கடைச் சாப்பாட்டுப் பார்சல் ஒன்றைப் பிரித்துச் சாப்பிட்டு முடித்த பின் மேசையில் மிஞ்சுவதைப் பாருங்கள். பருப்பும் எண்ணெயும் ஒட்டிய தாள், சொதி கட்டித் தந்த சின்னப் பை, தண்ணீர்ப் போத்தல், அதன் மூடி, யோகட் கிண்ணம், சோஸ் பைக்கற்று. ஆறு பொருள்களில் நான்கு, ஐந்து வகைப் பிளாஸ்டிக்குகள் இருக்கும்.

பொலித்தீனும் பொலிபுரொப்பிலீனும் காபனும் ஐதரசனும் மட்டுமே கொண்டவை. எண்ணெயாவதற்கு அவையே மிகப் பொருத்தம். யோகட் கிண்ணமாகவும் ரெஜிபோமாகவும் வரும் பொலிஸ்ரைரீனும் அப்படியே. அது உடைந்தால் பெருமளவுக்குத் தான் பிறந்த ஸ்ரைரீனாகவே திரும்பும் என்பதால், எரிபொருளாக்குவதை விட மூலப்பொருளாக மீட்பதே மேல். தண்ணீர்ப் போத்தல் செய்யும் "பெற்" என்னும் பிளாஸ்டிக்கில் ஒட்சிசன் இருக்கிறது. அது கலத்துக்குள் போனால் எண்ணெய் குறைந்து, குளிரும் குழாய்களில் வெள்ளைப் படிகமாக உறையும் அமிலங்கள் உண்டாகும். பெற் போத்தலை மீள்சுழற்சி செய்து நூலாக்கும் நல்ல வழி இருக்கும்போது அதை இங்கே கொண்டுவரத் தேவையே இல்லை. எல்லாவற்றிலும் ஆபத்தானது பி.வி.சி. ஏறத்தாழ 300 பாகையிலேயே அது ஐதரசன் குளோரைட்டு வாயுவை வெளிவிடும். அந்த வாயு இரும்பை அரிக்கும், ஊக்கியைக் கெடுக்கும், எண்ணெயில் குளோரினை ஏற்றும். குளோரின் ஏறிய எண்ணெயை எந்த இயந்திரத்திலும் ஊற்றக் கூடாது.

வகை பிரிப்பதற்கு என் வகுப்பில் செய்து காட்டும் எளிய சோதனை ஒன்றை யாரும் வீட்டில் செய்யலாம். இதற்கு நெருப்பு வேண்டியதில்லை. ஒரு பேசினில் தண்ணீர் நிரப்பி, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளி விடுங்கள். காற்றுக் குமிழி ஒட்டி ஏமாற்றாமல் இருக்கவே அந்தத் துளி. போத்தலையும் மூடியையும் கிண்ணத்தையும் பையையும் நகமளவு துண்டுகளாக வெட்டிப் போட்டு, விரலால் அமிழ்த்தி விடுங்கள். மூடியும் பையும் மேலே வரும். தண்ணீரை விட அடர்த்தி குறைந்தவை பொலித்தீனும் பொலிபுரொப்பிலீனும். போத்தல் துண்டு நேராக அடிக்குப் போகும். யோகட் கிண்ணம் பொலிஸ்ரைரீனாக இருந்தால், தயங்கித் தயங்கி மெல்லத் தாழும்; அதன் அடர்த்தி தண்ணீரை விடச் சற்றே அதிகம். இப்போது உப்பைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக் கரையுங்கள். கிண்ணத்தின் துண்டு எழுந்து மேலே வரும்; போத்தல் அசையாது. பெற் பிளாஸ்டிக்கும் பி.வி.சி.யும் இந்தச் சோதனையில் சேர்ந்தே அடியில் கிடக்கும், அவற்றைப் பிரிக்க வேறு முறைகள் வேண்டும். ஆனாலும் மிதந்ததை மட்டும் அள்ளினால், எண்ணெய்க்குத் தகுதியானது கையில் வந்துவிடுகிறது. பெரிய ஆலைகளின் தொட்டிகளிலும் இதே முறையே நடக்கிறது.

பார்சல் தாளில் ஒட்டிய பருப்பும் கணக்கில் வரும். அதன் ஈரத்தை ஆவியாக்கவே வெப்பம் செலவாகும். அதிலுள்ள உப்பின் சோடியம், சியோலைற்றின் அமில இடங்களில் புரோத்தனுக்குப் பதிலாக உட்கார்ந்துகொண்டு அவற்றைச் செயலிழக்கச் செய்யும். 2017 செப்டெம்பரில் பொலித்தீன் லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் உணவுப் பெட்டியும் இலங்கையில் தடைசெய்யப்பட்ட பிறகு, உக்கும் என்று குறிக்கப்பட்ட தாள்களும் பாவனைக்கு வந்துள்ளன. பார்வைக்குப் பொலித்தீன் போலிருந்தாலும் உக்கும் பிளாஸ்டிக்குகள் பலவற்றில் ஒட்சிசன் உண்டு. அவற்றையும் எண்ணெய்க்கென்று சேர்த்துவிடக் கூடாது.

இதனால்தான், பிளாஸ்டிக்கிலிருந்து கிடைக்கும் எண்ணெயின் தரத்தைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது ஆலையல்ல, வீட்டுக் குப்பைக் கூடைதான் என்று நான் நினைக்கிறேன். எத்தனை நுட்பமான ஊக்கியும், தன்னிடம் வருவதை மட்டுமே வெட்ட முடியும்.

செய்தவர்கள், செய்ய முடிந்தது

இந்தியாவில் டேராடூன் நகரிலுள்ள இந்தியப் பெற்றோலிய நிறுவனத்தில், நாளொன்றுக்கு 1 தொன் பொலித்தீன் வகைக் கழிவை ஏறத்தாழ 800 லீற்றர் டீசலாக மாற்றும் மாதிரி ஆலை 2019ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 800 லீற்றர் டீசலின் எடை 650 கிலோகிராமை அண்டி வரும். போட்டதில் மூன்றில் இரண்டு பங்கு திரவமாகத் திரும்புகிறது, மீதி வாயுவும் கரியுமாகிறது. ஜப்பானின் சப்போரோ நகரில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய பெரிய ஆலையோ, வீட்டுப் பிளாஸ்டிக்கைக் கலந்தபடியே எடுத்து, முதலில் அதன் குளோரினை நீக்கி, பிறகு எண்ணெயாக்கியது. ஏறத்தாழ பத்து ஆண்டுகளின் பின் அது நிறுத்தப்பட்டது. பிரித்துக் கொடுப்பவர் இல்லாதபோது பிரிக்கும் செலவு ஆலையின் தலையில் விழுகிறது.

வேறொரு வழியும் வளர்ந்து வருகிறது. சங்கிலி அறும் இடத்திலேயே ஐதரசன் வாயுவை ஏற்றி முடிச்சுப் போட்டுவிட்டால், கரிப் படலம் குறையும். நாளானால் கறுத்துப் பிசினாகும் குறைபாடும் எண்ணெயில் இராது. 2021இல் அமெரிக்காவின் டெலவெயார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிளாற்றினமும் தங்குதன் ஒட்சைட்டும் சேர்ந்த ஊக்கியோடு சியோலைற்றையும் கலந்து, 225 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலேயே பொலித்தீனைத் திரவ எரிபொருளாக்கிக் காட்டினர். மீன் பொரிக்கும் எண்ணெயின் சூட்டை விட அது வெகு தூரத்தில் இல்லை. ஐதரசனுக்கும் பிளாற்றினத்துக்கும் ஆகும் செலவே அங்கே தடை.

இந்த எரிபொருளும் எரியும்போது காபனீரொட்சைட்டைத் தான் தரும். கணக்கு எளிது: 1 கிலோகிராம் பொலித்தீன் முழுதாக எரிந்தால் ஏறத்தாழ 3.1 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளிவரும். நிலத்தடியிலிருந்து வந்த காபன், பையாகச் சற்றுத் தங்கிவிட்டு வானத்துக்குப் போகிறது. ஆகவே முதலில் பாவனையைக் குறைப்பது, அடுத்துப் பிளாஸ்டிக்கை பிளாஸ்டிக்காகவே மீட்பது, அதற்கும் வழியற்ற மெல்லிய, கிழிந்த, நிறம் கலந்த பொலித்தீனுக்கு மட்டும் இந்த முறை என்று வரிசைப்படுத்துவதே சரி என்பது என் உறுதியான எண்ணம். 2015 வரை உலகில் குப்பையான ஏறத்தாழ 630 கோடித் தொன் பிளாஸ்டிக்கில் 9 சதவீதமே மீள்சுழற்சி கண்டது, 12 சதவீதம் எரிந்தது, மீதி குப்பை மேடுகளிலும் வெளியிலும் கிடக்கிறது என்று 2017இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு தினத்தில் மீதொட்டமுல்லையில் சரிந்து 32 உயிர்களைக் கொண்டுபோனதும் அப்படிக் கிடந்த ஒரு மேடுதான். எங்கும் போக வழியில்லாத பொலித்தீனுக்கு ஒரு வழி இருப்பது நல்லது என்று நான் சொல்வது அந்த நாளையும் மனதில் வைத்தே.

என் மேசையில் ஒரு ஜாம் போத்தல் இருக்கிறது. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் கடலில் தீப்பற்றி, ஜூன் 2ஆம் திகதி மூழ்கத் தொடங்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் இருந்தன. அடுத்த ஆண்டு நீர்கொழும்புக்குத் தெற்கே கடற்கரை மணலை விரலால் கிளறியபோதும், சவ்வரிசி போன்ற அந்த வெள்ளை மணிகள் அடியிலிருந்து வந்துகொண்டே இருந்தன. சாக்குக்குள் இருந்தவரை அவை அச்சும் சாயமும் படாத சுத்தமான பிளாஸ்டிக்; இந்தக் கட்டுரையில் சொன்ன கலத்துக்கு அதைவிட நல்ல தீனி இல்லை. போத்தலில் இருப்பவற்றில் பாதி மஞ்சளாகிவிட்டன, சில கருகி ஒட்டியிருக்கின்றன, இடையிடையே மணலும் கடலுப்பும் இருக்கின்றன. வகுப்பில் பேசினுக்குள் கொட்டினால் மணிகள் மிதக்கும், மணல் தங்கும், உப்புக் கரையும். மாணவர்கள் மிதப்பவற்றை வடித்தெடுத்து, நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, பத்திரிகைத் தாளில் பரப்பிக் காயவிடுவார்கள். ஒரு பிடி மணிக்கு ஒரு பாடவேளை முழுவதும் போய்விடும்.